பாலியில் 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சி: சர்டிபிகேட் இருக்கிறது, வகுப்பு எடுக்கத் தெரியவில்லை

பாதி சூரியன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வெகுநாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல்முறை.

பாலியில் உபுத் பக்கத்தில் ஒரு பள்ளியில் 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பள்ளியின் பெயரை இங்கே போடப்போவதில்லை. தனிச்செய்தியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும். சர்டிபிகேட் வந்துவிட்டது. கெட்டித் தாள், ஓரத்தில் தங்க வேலைப்பாடு, என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. இதை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நின்று "மூச்சை உள்ளே இழுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆசனம் செய்வது எனக்குப் புதிதல்ல. உடம்பு ஓரளவுக்கு வளையும். நான் கற்றுக்கொள்ளப் போனது வேறு. முட்டி வலியோடு வருபவருக்கு எதை மாற்றுவது, ரத்த அழுத்தம் இருப்பவரைத் தலைகீழாக நிற்கச் சொல்லலாமா, கர்ப்பிணி வந்தால் எதைத் தவிர்ப்பது, ஒரு மணி நேர வகுப்பை எப்படிக் கட்டுவது. விளம்பரத்திலும் இதையெல்லாம்தான் போட்டிருந்தார்கள்.

பள்ளியின் இணையதளத்தில் எங்கே தொட்டாலும் ஒரே முகம்தான் வரும். முதன்மை ஆசிரியர். அவரிடம் படிக்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தோம். தொடக்க விழாவுக்கு வந்தார், வட்டமாக உட்கார வைத்து 'பயணம்' பற்றி அழகாகப் பேசினார், ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தார். அடுத்து அவரைப் பார்த்தது கடைசி வாரத்தில், குழுப் படம் எடுத்த நாளில். நடுவில் எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய இன்ஸ்டாகிராமைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்: வேறொரு நாட்டில் வேறொரு பேட்சுக்குத் தொடக்க விழா நடத்திக்கொண்டிருந்தார்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் இரண்டு இளம் ஆசிரியர்கள். அதில் ஒரு பெண் அதே பள்ளியில் முந்தைய பேட்சில் படித்து முடித்தவள். நல்ல பெண், அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "உங்கள் உடம்பு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்" என்பாள். என் உடம்பு சொல்வதைக் கேட்க நான் விமானம் ஏறியிருக்க வேண்டாமே!

உடற்கூறியல் என்று அட்டவணையில் போட்டிருந்த பிற்பகல்களில் பெரும்பாலும் யூடியூப் வீடியோ ஓடும். ஒருநாள் எலும்புக்கூடு அச்சடித்த தாளும் கலர் பென்சிலும் கொடுத்தார்கள். தொடை எலும்புக்கு மஞ்சள், இடுப்புக்கு நீலம். எல்லாரும் தலை குனிந்து சிரத்தையாக வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் இருந்தவர் கை தூக்கினார். தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் உட்காரும் கோணமும் குழியின் ஆழமும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று படித்திருக்கிறேன், அப்படியிருக்க குந்தி உட்காரும் மாலாசனத்தில் எல்லாரும் பாதத்தை ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்பது சரியா என்று கேட்டார். நல்ல கேள்வி, நான் பேனாவை எடுத்துவிட்டேன். வந்த பதில்: "குந்த முடியாதவர்களுக்கு இடுப்பில் பழைய உணர்ச்சிகள் தேங்கியிருக்கின்றன." பேனாவை மூடிவிட்டேன்.

தத்துவ வகுப்பு இதைவிட வேடிக்கை. யோக சூத்திரத்தில் நான்கு பாதங்கள், மொத்தம் 195 சூத்திரங்கள், சில பதிப்புகளில் 196. நாங்கள் முதல் பாதத்தின் இரண்டாம் சூத்திரத்தைத் தாண்டவில்லை. அதை வைத்து மணி கோத்துக் கைச்சங்கிலி செய்தோம். குழுவில் இந்திய முகம் நான் ஒருத்திதான் என்பதால், தினமும் காலையில் பதஞ்சலி சுலோகத்தை நானே சொல்லித் தர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். "உன் ரத்தத்திலேயே இருக்குமே!" எனக்கு அந்தச் சுலோகம் தெரியாது. முந்தைய இரவு போனில் கேட்டு மனப்பாடம் செய்து, காலையில் முப்பத்துச் சொச்சம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பாராயண ஆசிரியர் வேலையையும் கட்டணம் கட்டிப் பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு ஆறவே ஆறாதது செய்முறை வகுப்புதான். ஒவ்வொருவரும் தனியாக ஒரு முழு வகுப்பு எடுத்து, அதன் குறைநிறைகளை எழுத்தில் பெறுவார்கள் என்று பாடத்திட்டத்தில் இருந்தது. ஆள் அதிகம், நேரம் இல்லை என்று மூன்று பேருக்கு ஒரு வகுப்பு என்று பிரித்துவிட்டார்கள். என் பங்குக்கு வந்தது தொடக்கத்தில் கழுத்து உருட்டுவதும் கடைசியில் சவாசனமும். எனக்கு வந்த மதிப்பீடு முழுவதையும் அப்படியே தருகிறேன்: "அழகான ஆற்றல்." பாலிக்குப் போகிற பாதிப் பேருக்கு வரும் அந்த வயிற்றுப்போக்கில் ஒரு வாரத்துக்கு மேல் படுத்துக்கிடந்த ஒருவருக்கும் அதே சர்டிபிகேட் கொடுத்தார்கள். பாவம், அவரே சங்கடப்பட்டார். அந்தக் கூட்டு வகுப்புகள் சிலவற்றுக்கு வெளியிலிருந்து சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அவர்களிடம் பள்ளி கட்டணம் வாங்கியது என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. பச்சிமோத்தானாசனத்தில் (காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் மடங்கும் ஆசனம்) இருந்தபோது உதவி ஆசிரியர் ஒருவர் கேட்காமல் கொள்ளாமல் என் முதுகின்மேல் தன் முழு எடையையும் சாய்த்தார். வலது பக்கம், உட்காரும் எலும்புக்கு அருகில் சுருக்கென்றது. இன்றுவரை கட்டை நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த இடம் வலிக்கிறது. சொன்னபோது "திறந்துகொள்கிறது, நல்லதுதான்" என்றார்கள்.

கடைசி நாளில் போனை எடுக்கச் சொல்லி, ஐந்து நட்சத்திர மதிப்புரை போட்டுவிட்டு வரிசையில் வந்து சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நெட் வரவில்லை என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது யோகா ஆசிரியர்களைப் பதிவு செய்யும் யோகா அலயன்ஸ் அமைப்பில் பெயரைப் பதிவு செய்யலாமா, அதில் பயன் உண்டா? பணத்தில் கொஞ்சமாவது திரும்பக் கேட்க வழி இருக்கிறதா? எல்லாவற்றையும்விட, இந்த நிலையில் நான் சொல்லிக் கொடுக்கத் தொடங்கலாமா, இல்லை வேறு எங்காவது முதலிலிருந்து படிக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய மேட்:

தோழி, முழுக்கப் படித்தேன். மணி கோத்த இடத்தில் சிரித்தேன், மன்னிக்கவும். நான் வகுப்பு எடுப்பவள், பயிற்சிப் பள்ளிகளில் விருந்தினராகவும் பாடம் நடத்தியிருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்து நடைமுறை கொஞ்சம் தெரியும்.

யோகா அலயன்ஸ் என்பது 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு. அது ஒரு பதிவேடு. அரசு கொடுக்கும் உரிமம் மாதிரி அதை நினைத்துக்கொண்டு பலர் ஏமாறுகிறார்கள். பள்ளி தன் பாடத்திட்டத்தை அனுப்பிப் பதிவு செய்துகொள்ளும், அங்கே படித்தவர்கள் ஆண்டுக் கட்டணம் கட்டித் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். வகுப்பறையில் கலர் பென்சில் ஓடுகிறதா என்று பார்க்க தினமும் யாரும் வந்து நிற்பதில்லை.

ஆனால் அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள், உங்கள் கையில் ஒரு பிடி கிடைக்கும். 200 மணியில் ஆசனம், பிராணாயாமம், தியானம் போன்ற பயிற்சிக்குக் குறைந்தது 75 மணி, உடற்கூறியலும் உடலியக்கமும் சேர்த்து 30, வரலாறு, தத்துவம், ஒழுக்கநெறிக்கு 30, கற்பிக்கும் முறை, செய்முறை வகுப்பு இவற்றுக்கு 50. உங்கள் நாட்குறிப்பை எடுத்து, உண்மையில் எந்த நாளில் எது எவ்வளவு நேரம் நடந்தது என்று எதிரெதிரே எழுதிப் பாருங்கள். மறந்துபோவதற்கு முன் இன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். உடற்கூறியல் 30 மணியில் எத்தனை மணி யூடியூப் என்று தனியாகக் குறியுங்கள்.

மணிக்கணக்கில் எனக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. 21 நாளில் 200 மணி என்று விளம்பரம் செய்கிறார்கள். வாரம் ஒரு நாள் விடுமுறை போனால் மிஞ்சுவது 18 நாள். தினமும் 11 மணி நேரத்துக்கு மேல் பாடம் நடந்தால்தான் கணக்கு நேராகும். காலை 6 மணிக்கு ஆரம்பித்தால் சாப்பாடு, ஓய்வு போக இரவு 8 மணி தாண்டிவிடும். கோயில் சுற்றுலா, அருவிக் குளியல், சூரிய உதய மலையேற்றம் எல்லாம் அதே அட்டவணையில் எங்கிருந்து வந்தன? 28 நாள் என்றால் 24 வேலை நாள், தினமும் எட்டு மணி இருபது நிமிடம். அதுவாவது மனிதர்களால் முடிகிற காரியம்.

ஒரு மாதப் பயிற்சி என்பதே மோசடி என்று சிலர் சொல்வார்கள், அதை நான் ஏற்க மாட்டேன். சிவானந்தா மரபில் சுவாமி விஷ்ணுதேவானந்தா 1969-லேயே நான்கு வாரப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். ஆனால் அது ஆசிரம வாழ்க்கை. விடியுமுன் எழுந்து இரவு வரை அதே வேலை, கேளிக்கைக்கு இடமில்லை. இன்னொரு பக்கம் பி.கே.எஸ். ஐயங்காரின் யோகா மரபில், பல ஆண்டு தொடர்ந்து படித்தவரைத்தான் ஆசிரியர் பயிற்சிக்கே எடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் இந்த ரிசார்ட் பயிற்சிகள் வந்து நிற்கின்றன: நான்கு வாரத்தை எடுத்துக்கொண்டார்கள், கட்டுப்பாட்டை விட்டுவிட்டார்கள்.

பதிவு செய்வதா என்று கேட்டீர்கள். எங்காவது ஸ்டுடியோவில் வேலைக்குக் கேட்டால் செய்யுங்கள், அதற்குமுன் அவசரம் இல்லை. ஆனால் பதிவு செய்யும்போது நீங்கள் படித்த பள்ளியை மதிப்பிட்டு எழுத வேண்டியிருக்கும். அங்கே நட்சத்திரம் வாரி இறைக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அடுத்து வருபவர் படிக்கும் இடம் அது.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி. உங்களுக்குக் கிடைக்காமல் போனது உடற்கூறியல்கூட இல்லை, அதைப் புத்தகத்தில் ஓரளவு தேற்றிக்கொள்ளலாம். நீங்கள் ஒரு முழு வகுப்பை ஒற்றை ஆளாக நடத்தவே இல்லை, நடத்தி முடித்தபின் ஒருவர் உட்கார வைத்து "அந்த இடத்தில் இடது வலது மாற்றிச் சொன்னாய், பின்வரிசைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை நீ பார்க்கவில்லை" என்று சொல்லவில்லை. ஓட்டை அங்கேதான். அதை அடைக்க இன்னொரு 200 மணி தேவையில்லை. நீங்கள் மதிக்கும் ஒரு ஆசிரியரிடம் போய், உங்கள் வகுப்பில் ஓரமாக நின்று பார்க்கிறேன், மேட் விரிக்கிறேன், எப்போதாவது பத்து நிமிடம் எடுக்க விடுங்கள் என்று கேளுங்கள். பலர் சரி என்பார்கள். கூடவே, ஆசனமே தெரியாத ஒரு நண்பரைப் பிடித்து, எளிமையான ஒரே வரிசையை வாரா வாரம் சொல்லிக் கொடுங்கள். முக்கியமாக, நீங்கள் செய்து காட்டக் கூடாது. நின்ற இடத்தில் நின்று வாயால் மட்டும் அவரைத் திரிகோணாசனத்துக்குள் கொண்டுபோய்ப் பத்திரமாக வெளியே கொண்டுவாருங்கள். முதல் தடவை நாக்கு சிக்கிக்கொள்ளும். "கையை... இல்லை, மற்ற கை... இல்லை, அது கால்" என்று நானே உளறியிருக்கிறேன். பயிற்சியில் நடந்திருக்க வேண்டிய உளறல் அது. அங்கே நடக்கவில்லை, இங்கே நடக்கட்டும்.


ஊர்சுற்றி:

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டுப் பாடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே உபுத் வட்டாரத்தில் இன்னொரு பள்ளியில் படித்தவன் நான். எங்கள் குழு சின்னது, ஒரு டஜன் பேர் இருந்திருப்போம். முதன்மை ஆசிரியை காலை பிராணாயாமத்திலிருந்து மாலை வரை எங்களோடுதான் இருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுவார். சதுரங்க தண்டாசனத்தை (கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைத் தரைக்கு மேலே தாங்கும் ஆசனம்) ஒரு முழுக் காலை நேரமும் பிரித்துப் பிரித்து நடத்தினார்: தோள் எங்கே இருக்க வேண்டும், முட்டி ஊன்றிச் செய்தால் என்ன மாறுகிறது, மணிக்கட்டில் வலி உள்ளவரை எப்படிப் பார்ப்பது. அந்த ஒரு காலைக்கே கொடுத்த பணம் செரித்தது. அதனால் பாலி என்றாலே ஏமாற்று என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். பாதிக்கு மேல் நம் கையில்தான் இருக்கிறது. அங்கேயே எழுந்து நின்று கேட்டிருக்கலாமே? ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு வந்து எழுதுவதால் என்ன ஆகப்போகிறது?


பாதி சூரியன்:

பழைய மேட், ரொம்ப நன்றி. நாட்குறிப்பை எடுத்துவிட்டேன். நல்லவேளை, ஒவ்வொரு நாளும் அட்டவணையைப் படம் எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அச்சடித்த அட்டவணையும் இருக்கிறது, வாட்ஸ்அப் குழுவில் "இன்று பிற்பகல் வகுப்பு இல்லை, நீச்சல் குளத்தில் ஒருங்கிணைப்பு நேரம்" என்று வந்த செய்திகளும் இருக்கின்றன. அந்த 'ஒருங்கிணைப்பு நேரம்' எத்தனை முறை வந்திருக்கிறது என்று இப்போது பார்த்தால் எனக்கே திகைப்பாக இருக்கிறது.

ஊர்சுற்றி, பாலியைக் குறை சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். அங்கேயே கேட்டோம், ஒருவர் இருவர் இல்லை, ஏழெட்டுப் பேர் சேர்ந்து கேட்டோம். நிர்வாகி எங்களை வட்டமாக உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, "இந்த எதிர்ப்பு உணர்வு உங்கள் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். அட்டவணையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அடுத்த நாள் முதல் எங்களுக்கு 'குறை காண்பவர்கள்' என்று பெயர். யோகாவின் மொழியிலேயே வாயை அடைத்துவிட்டால் எதிர்த்துப் பேசுபவர்தான் பக்குவமில்லாதவர் ஆகிவிடுகிறார். எனக்கு இதுதான் பெரிய ஏமாற்றம், பணத்தைவிட.


ஊர்சுற்றி:

சரி, அதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அந்த வட்டமாக உட்கார வைக்கும் வித்தை எனக்கும் தெரியும், வேறு இடத்தில் பட்டிருக்கிறேன். கேட்டது சரிதான், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு சின்னத் தகவல் மட்டும், அடுத்து யாராவது போவதாக இருந்தால் உதவும். நான் சேரும் முன் பள்ளிக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுப்பினேன்: பத்தாவது நாள் காலை வகுப்பை யார் எடுக்கிறார், அவர் பெயர் என்ன? மூன்று பள்ளிகள் "எங்கள் திறமையான குழு" என்று மழுப்பின. ஒன்று மட்டும் பெயரையும் பாடத்தையும் எழுதி அனுப்பியது. அங்கேதான் சேர்ந்தேன். பெயர் கிடைத்துவிட்டால் யோகா அலயன்ஸ் தளத்தில் தேடிப் பார்க்கலாம். இ-ஆர்ஒய்டி 500 (அனுபவமுள்ள பதிவு பெற்ற ஆசிரியர் என்ற தகுதி) என்று இருந்தால் குறைந்தது 2,000 மணி நேரம் கற்பித்தவர் என்று அர்த்தம். நல்ல ஆசிரியர் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது, ஆனால் போன பேட்சில் முடித்தவர் இல்லை என்றாவது தெரியும்.


எலும்பும் தசையும்:

நான் பிசியோதெரபிஸ்ட். மற்ற எல்லாவற்றையும் நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள், எனக்குக் கவலை அந்த வலிதான்.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதம் (முன்னால் மடங்கியிருக்கும்போது மேலிருந்து அழுத்தம், உட்காரும் எலும்பருகே சுருக்கென்ற வலி, கட்டை நாற்காலியில் உட்கார்ந்தால் தெரிவது) தொடையின் பின்தசை அந்த எலும்பில் வந்து ஒட்டும் இடத்துத் தசைநாண் பாதிப்போடு பொருந்துகிறது. ஹேம்ஸ்ட்ரிங் என்பார்களே, அதன் மேல்முனை. யோகா செய்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். மேலே ஒருவர் ஏறி உட்காராமலேகூட, வருடக்கணக்கில் முன்மடங்கும் ஆசனங்களை அளவுக்கு மேல் செய்தால் வரும். கீழ்முதுகிலிருந்து வரும் நரம்பு வலியும் அதே இடத்தில் காட்டலாம், அதனால் பரிசோதனை அவசியம். காலில் மரத்துப்போதல், பெரிய ரத்தக்கட்டு, காலைத் தூக்குவதில் பலவீனம் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போதைக்குச் செய்யக் கூடாதது ஒன்று உண்டு, யோகா செய்பவர்கள் கட்டாயம் செய்வதும் அதுவேதான்: வலிக்கும் இடத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பது. நீட்டும்போது இதமாக இருக்கும், மறுநாள் வலி கூடும். முன்மடங்கும்போது அந்தத் தசைநாண் இழுபடுவதோடு எலும்பின்மேல் அழுந்தவும் செய்கிறது. பச்சிமோத்தானாசனம், உத்தானாசனம், ஹனுமானாசனம் மூன்றையும் தற்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்தத் தசைநாணுக்குத் தேவை பலம். சேதுபந்தாசனத்தில் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் ஆசனம்) அசையாமல் தாங்குவதிலிருந்து தொடங்கி, படிப்படியாகச் சுமை கூட்டும் பயிற்சி. ஒரு பிசியோவின் கண்காணிப்பில் செய்யுங்கள். மாதக்கணக்கில் ஆகும், இடையில் நின்றுவிடாதீர்கள். உட்காரும்போது மெத்தென்ற குஷன் போட்டுக்கொள்ளுங்கள், நெடுநேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டாம்.

"திறந்துகொள்கிறது" என்ற அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னிடம் வரும் யோகா மாணவர்கள் பாதிப் பேர் அதைச் சொல்லிக்கொண்டே நொண்டிக்கொண்டு வருகிறார்கள். கூர்மையான வலி மூட்டருகிலோ தசை எலும்பில் ஒட்டும் இடத்திலோ வந்தால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். தொடுவதற்குமுன் கேட்பது ஆசிரியரின் கடமை. சில யோகா கூடங்களில் ஒவ்வொரு மேட்டின் தலைமாட்டிலும் ஒரு வில்லை வைத்திருப்பார்கள், ஒரு பக்கம் "தொடலாம்", மறுபக்கம் "வேண்டாம்". மாணவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். நீங்கள் வகுப்பு எடுக்கும்போது இதைச் செய்யுங்கள்.

பரிசோதனை அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். அது சிகிச்சைக்கு மட்டும் பயன்படும் காகிதம் அல்ல.


வரவு செலவு:

நான் யோகா பக்கமே போகாதவன். மனைவி இந்தத் தளத்தைப் படிப்பவர், "இதற்கு நீங்கள் பதில் எழுதுங்கள்" என்று போனைக் கையில் திணித்துவிட்டார். வங்கித் துறையில் கார்டு புகார்களைப் பார்க்கும் வேலை என்னுடையது.

முதலில் கேள்வி: பணத்தை எப்படிக் கட்டினீர்கள்? கார்டில் என்றால் வழி இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பியிருந்தால் பள்ளி மனம் வைத்தால்தான் உண்டு.

கார்டு என்றால், விற்றவர் சொன்னபடி சேவை தரவில்லை என்ற காரணத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இதற்குப் பொதுவாக 120 நாள் காலக்கெடு. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது ஒவ்வொரு விவகாரத்துக்கும் மாறும், முன்பணம் ஒரு நாள், மீதி ஒரு நாள் என்று கட்டியிருந்தால் இன்னும் சிக்கல். அதனால் நாள் எண்ணிக்கொண்டு உட்காராமல் இந்த வாரமே வங்கியைக் கூப்பிடுங்கள்.

அதற்கு முன் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல். நீங்கள் விற்பவரிடம் முதலில் கேட்டுப் பார்த்தீர்களா என்று வங்கி நிச்சயம் கேட்கும். அந்த மின்னஞ்சலில் 'ஏமாற்றம்', 'மனவேதனை' எல்லாம் வேண்டாம். விளம்பரத்தில் இது இருந்தது, நடந்தது இது. முதன்மை ஆசிரியர் இன்ன தேதிமுதல் இன்ன தேதிவரை இல்லை. தனி வகுப்பு என்றீர்கள், மூன்று பேருக்கு ஒன்று நடந்தது. கட்டணத்தில் இவ்வளவு பகுதியைத் திருப்பித் தாருங்கள், இன்ன தேதிக்குள் பதில் வேண்டும். அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், சர்டிபிகேட்டும் வாங்கினீர்கள். அதைச் சொல்லியே தட்டிக்கழிப்பார்கள். கிடைக்காத பகுதிக்கு ஒரு நியாயமான தொகை கேட்டால் கேட்பவர் காதிலும் ஏறும்.

இணையதளத்தை இப்போதே பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதி தெரியும்படி. புகார் போனதும் பக்கம் மாறிவிடும், இது நான் தினமும் பார்ப்பது. "முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று ஒரு வரி எங்காவது இருக்கும். நீங்களாகப் பாதியில் விலகினால் அது செல்லும். சொன்னதைக் கொடுக்காதவருக்கு அந்த வரி ஒரே அடியாகக் கவசம் ஆகிவிடாது, தயங்காமல் கேளுங்கள்.

யோகா அலயன்ஸிலும் நடத்தை விதிகளை மீறியதாகப் பள்ளிமேல் புகார் கொடுக்கலாம் என்று மனைவி சொல்கிறார். அனுமதி இல்லாமல் உடம்பைத் தொட்டு அழுத்தியது அங்கே எழுத வேண்டிய விஷயம் என்கிறார். பணம் வாங்கித் தரும் இடமாக மட்டும் அதை எண்ணாதீர்கள்.

கடைசியாக ஒன்று என் கண்ணை உறுத்தியது. வெளியாட்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு மாணவர்களை வைத்து வகுப்பு நடத்தினார்கள் என்கிறீர்கள். இந்தோனேசியாவில் பலரும் 30 நாள் வருகை விசாவில்தான் இறங்குகிறார்கள், அதை ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம். அந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. வேலை செய்த வெளிநாட்டவரை அந்நாட்டுக் குடியேற்றத் துறை திருப்பி அனுப்பியிருக்கிறது. "நான் சம்பளம் வாங்கவில்லையே" என்று அதிகாரியிடம் விளக்கும் நிலைமைக்கு ஒரு பள்ளி தன் மாணவர்களைக் கொண்டுவந்து விடலாமா? இனிமேல் போகிறவர்கள் அங்கே எந்த மாதிரி விசா கேட்கிறார்கள், செய்முறை வகுப்புக்கு யார் வருகிறார்கள் என்று எழுத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.


பாதி சூரியன்:

எல்லாருக்கும் ஒரு தகவல். முன்பணம் வங்கி மூலம், மீதி கார்டில் கட்டியிருந்தேன். வரவு செலவு சொன்னபடி ஒரே பக்கத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். (உங்கள் மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.) பிசியோவிடமும் காட்டினேன். எலும்பும் தசையும் சந்தேகப்பட்டது சரிதான், ஹேம்ஸ்ட்ரிங் மேல்முனைத் தசைநாண். சேதுபந்தாசனத்தில் தொடங்கியிருக்கிறோம். பழைய மேட், நான் முன்பு படித்த ஆசிரியையிடம் ஓரமாக நிற்க அனுமதி கேட்டேன். "நின்றால் போதாது, வருகிறவர்கள் பெயரையெல்லாம் மனப்பாடம் செய், யாருக்கு எங்கே வலி என்று எழுதிக்கொண்டு வா" என்றார். இரண்டு வகுப்புக்குள் என் நோட்டில் இருக்கும் விஷயம், பாலியில் எழுதியதைவிட அதிகம்.

பள்ளியிலிருந்து பதில் வந்துவிட்டது. என் பயணத்தின் வலியை மதிக்கிறார்களாம். முதன்மை ஆசிரியர் "அந்தக் காலத்தில் உலகளாவிய பணியில் இருந்ததால்" முழுமையாக வர முடியவில்லையாம். திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். ஆனால் என்மேல் உள்ள அன்பால், அவர்களுடைய 300 மணி நேர மேல்நிலைப் பயிற்சியில் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். நடத்தப்போவது அதே முதன்மை ஆசிரியர்.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இதற்கு என்ன பதில் போடுவது?


வரவு செலவு:

ஒரு பதிலும் போடாதீர்கள். தள்ளுபடிக்கு நன்றி என்று மரியாதைக்குக்கூட எழுத வேண்டாம், சமரசத்துக்கு ஒப்புக்கொண்டதாக அதையே எடுத்துக் காட்டுவார்கள். அவர் முழுமையாக வரவில்லை என்று அவர்களே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது. அந்த வரிக்கு மஞ்சள் அடித்து, இணையதளத்தின் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அடுத்த பக்கமாக வைத்து, இன்றைக்கே வங்கிக்கு அனுப்புங்கள். புகார் எண் கொடுப்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.